சவுக்குக் கட்டைக்கு அந்தப் பக்கம்

பட்டம்மாளுக்கு வாய் நீளம் என்பது காலனியில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். பி.ஏ. முடித்து, அரசாங்கப் பரீட்சை எழுதி, காஞ்சிபுரத்திலேயே ஒரு ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டவள். அப்பன் பாட்டன் யாரும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அதனால் அவள் எதைச் சொன்னாலும் அது நாற்காலி பேசுகிற பேச்சு என்றார்கள் பெரியவர்கள். படிச்ச திமிர் என்றார்கள். அவளும் சும்மா இருக்கவில்லை. கும்பிட்டுக் கும்பிட்டே முதுகு வளைந்துபோன கூட்டம் என்று அவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். பெற்ற அப்பாவையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துத்தான்.

அப்பா வீராசாமி சாயப்பட்டறையில் கூலி. கொதிக்கிற தொட்டியிலிருந்து பட்டு நூலை எடுத்துப் பிழிந்து கொடியில் போடுகிற வேலை. நகக்கண்ணில் எப்போதும் அரக்கு நிறம் ஏறிக் கிடக்கும். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவரும் அவளும்தான். இரண்டு பேரும் ஒரே சோற்றைத் தின்றார்கள், ஒரே கூரையின் கீழ் படுத்தார்கள். பேச்சு மட்டும் ஒத்துப்போனதில்லை.

அந்த வருஷம் ஊரே கோயிலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. பெருமாள் கோயில் குளத்துக்கு அடியில், தண்ணீருக்குள் கிடக்கிற அத்திமரத்து வரதரை நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளியே எடுப்பார்கள். எழுபத்தொன்பதில் எடுத்திருந்தார்கள். ஒரு மண்டலம் வெளியில் இருப்பார். திரும்பத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டால் அப்புறம் இன்னும் நாற்பது வருஷம்.

வரதர் வெளியே வந்த அன்றைக்கே வீராசாமி கேட்டுவிட்டார்.

"பட்டு, ஒரு நாளு நாம போயி வந்துரலாமா?"

"எங்க?"

"எங்கன்னா? ஊரே போவுதே, அங்கதான்."

"போன வாட்டி போனியே, அப்ப உன்ன உள்ள வுட்டாங்களா?"

போன வாட்டி என்றால் முப்பத்தொன்பதில். அப்போது வீராசாமி தாமலில் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை, மீசை அரும்புகிற வயசு. இருட்டோடு கிளம்பி ஏரிக்கரை மேலேயே நடந்து வந்து, மதிலுக்கு வெளியே தங்கள் ஆட்களோடு நின்று, கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நடந்தே திரும்பினார். உள்ளே போகிற வழக்கம் அவர்களுக்கு அப்போது கிடையாது. இதை அவர் பொருட்காட்சிக்குப் போய் வந்த கதை மாதிரிச் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்புதான் பட்டம்மாளுக்கு ஆகாது.

"அப்ப வுடல. இப்ப வுடறாங்களே. அதுக்குத்தானே சட்டம் போட்டாங்க? சட்டம் போட்டும் நாம போவலன்னா யாருக்காவப் போட்டதாம்?"

"உன்ன வெளிய நிக்க வெச்ச எடத்துல நான் காலு வெக்க மாட்டேம்பா. நீ வேணா போ."

"தனியாவா?"

"ஏன், வழி தெரியாதா?"

"வழி தெரியும்." வீராசாமி நகக்கண்ணைச் சுரண்டிக்கொண்டு இருந்தார். "நீ கூட இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"யாரு கேக்கப் போறாங்க? இந்தக் காலத்துல எவன் கேப்பான்?"

"யாரும் கேக்க மாட்டாங்கமா. ஆனாலும்."

அந்த 'ஆனாலும்' என்ற சொல்லைக் கேட்டதும் பட்டம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து போய்ப் பாத்திரங்களை டமார் டமார் என்று கழுவினாள்.

ஆபீசிலும் அதே பேச்சுதான். ஆள் மாற்றி ஆள் லீவு போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ரிட்டயர் ஆகிற வயசில் இருந்த ஹெட் கிளார்க் மாணிக்கவாசகம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வாயைக் கொடுத்தார்.

"என்னம்மா, நீ லீவு கேக்கலியா? ஓ, இந்தக் காலத்துப் பசங்க நீங்க. சாமியே இல்லேம்பீங்க. எங்க காலத்துல பெரியவங்க சொன்னா மறுபேச்சு கெடயாது."

"உங்க காலத்துல எங்கப்பாவ வெளிய நிக்க வெச்சீங்க சார். அதுக்கும் மறுபேச்சு கெடயாதுதான்."

யாரும் அவளோடு சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை. மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸுகள் எல்லாம் அந்தக் கோடி மேஜைக்குப் போய்விட்டன. பட்டம்மாள் ஜன்னலோரமாக உட்கார்ந்து, வெளியே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு தன் சோற்றைத் தின்றாள். ஆபீசில் அவள் யாருக்கும் படியாத பெண். காலனிக்கு வந்தால் படித்த பெண். எங்கே போனாலும் அவள் பக்கத்தில் ஒரு இடம் காலியாகவே கிடந்தது.

வீராசாமி விடவில்லை. பட்டறையிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு சேதி கொண்டுவருவார். கூரத்திலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்களாம். படுத்திருந்த வரதரை எழுப்பி நிற்க வைத்துவிட்டார்களாம். பட்டறை முதலாளியின் மாமியார், தொண்ணூறு வயசு, தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார்களாம். பட்டம்மாள் உம் கொட்டக்கூட மாட்டாள். கடைசி நாளுக்கு முந்தின நாள் அவர் வந்தார், கால் கழுவினார், சாப்பிட்டார், படுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டுக்கொண்டே இருக்கிறவரைக்கும் மறுத்துவிட முடிந்தது. கேட்காத மனுஷனிடம் எதை மறுப்பது?

"நாளைக்கு லீவு போடுறேன்" என்றாள் சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஆனா நான் கும்பிட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

வீராசாமி எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நீ கும்பிடவே வேணாம். கூட நின்னாப் போதும்."

விடிந்தும் விடியாமலும் கிளம்பினார்கள். சலவை வேட்டி, தோளில் புதுத் துண்டு. முகத்தை மழமழவென்று சிரைத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நடந்தார் வீராசாமி. சின்ன காஞ்சிபுரத்துக்குள் நுழைவதற்கு முன்பே வரிசை ஆரம்பித்துவிட்டது. இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை கட்டி, ஒரு ஆள் போகிற அகலத்துக்கு வழி விட்டிருந்தார்கள். கடைசி நாள். மத்தியானத்துக்கு மேல் வரிசையில் ஆள் சேர்க்க மாட்டார்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பட்டம்மாள் முன்னால், அவளை ஒட்டி வீராசாமி. வெயில் ஏற ஏற வரிசை நத்தை மாதிரி நகர்ந்தது.

முன்னால் நின்ற கிழவி திருமுக்கூடல்காரி. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தவள் கடைசியில் கேட்டே விட்டாள்.

"ஏம்மா, வாச்சு கட்டிக்கினு இருக்கியே, உத்தியோகமா?"

"ஆமா ஆயா."

"கண்ணாலம் ஆயிடுச்சா?"

"இல்ல."

"அடி ஆத்தே! நல்லா வேண்டிக்கோ. வரதரு குடுப்பாரு."

"அவரு என்னாத்த குடுப்பாரு ஆயா? அவரே நாப்பது வருசமா தண்ணியில ஊறிக்கினு கெடக்குறாரு."

சுற்றி நின்றவர்கள் குபீரென்று சிரித்தார்கள். கிழவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வாயப் பாரு வாய! இத எவன் கட்டுவான்?" என்றாள். பட்டம்மாள் திரும்பிப் பார்த்தபோது வீராசாமியும் துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள். இந்த வரிசை இப்படியே போய்க்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

மதில் தாண்டினார்கள். முப்பத்தொன்பதில் அவர் எந்த இடத்தில் நின்றார் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. வரதரை வைத்திருந்த மண்டபம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. உள்ளேயிருந்து துளசி வாசமும் ஜனங்களின் வியர்வை வாசமும் சேர்ந்து வந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"ஆண்டே!"

அவளுக்குப் பின்னால், அவள் அப்பாவின் தொண்டையிலிருந்து வந்த குரல். ஆனால் அவர் குரல் மாதிரி இல்லை. மெலிந்து, பயந்து, மீசை அரும்பின பையனின் குரல் மாதிரி இருந்தது.

பட்டம்மாள் திரும்பினாள். நாலைந்து ஆளுக்குப் பின்னால் ஒரு கிழவர், வெள்ளைச் சட்டை, கையில் தடி, முகமெல்லாம் வேர்த்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். தாமல் துரைக்கண்ணு. வீராசாமியின் அப்பா காலத்திலிருந்து அவர்கள் உழுத நிலத்துக்குச் சொந்தக்காரர், அவர்களுக்கு ஆண்டே. சின்ன வயசில் ஒரு தடவை அவர் வீட்டுப் பின்கட்டில் நின்று கூழ் வாங்கினது பட்டம்மாளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

"வீராசாமியா? நீயாடா?" என்றார் துரைக்கண்ணு.

"நான்தான் ஆண்டே. வாங்க, இப்படி வாங்க. வழி வுடுங்கப்பா, பெரியவரு வர்றாரு."

சொல்லிக்கொண்டே வீராசாமி குனிந்து சவுக்குக் கட்டைக்கு அடியில் நுழைந்து வெளியே போய்விட்டார். ஒரு ஆள் அகலத்து வழியில் இன்னொரு ஆளுக்கு இடம் கொடுக்க வேண்டுமென்றால் வேறு வழியும் இல்லை. நடுவில் நின்றவர்கள் நெளிந்து கொடுத்தார்கள். துரைக்கண்ணு கட்டையைப் பிடித்துப் பிடித்து வந்து, வீராசாமி நின்ற இடத்தில் நின்றார். வெளியே நின்ற வீராசாமியின் தோளில் துண்டு இல்லை. இடுப்பில் இருந்தது.

"அப்பா! உள்ள வா!"

வீராசாமி குனிந்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு நெருக்கு நெருக்கினார்கள். அடைபட்டுப் போயிற்று. தொண்டர் பட்டை கட்டின ஆள் ஒருவன் ஓடி வந்தான்.

"யோவ் பெருசு, வெளிய போனா போனதுதான். பின்னாடி போ."

"அது எங்கப்பா! அவரு எடம் இது!" பட்டம்மாள் கத்தினாள். "இவருக்கு எடம் வுட்டுட்டு நிக்கிறாரு, கண்ணு தெரியலியா உனக்கு?"

"இன்னாம்மா நீ, இங்க வந்து கத்திக்கினு? நகரு, நகரு!"

கட்டைக்கு அந்தப் பக்கம் வீராசாமி கையை ஆட்டினார். "நீ போம்மா. நீ போ. நான் வர்றேன்." அவர் எப்படி வருவார் என்று அவருக்கும் தெரியாது. வரிசையின் வால் மூடியாகிவிட்டது என்று ஒலிபெருக்கி அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தது.

கூட்டம் அவளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. பின்னால் துரைக்கண்ணு தடுமாறி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வீராசாமி பொண்ணா நீ? படிக்கிறதாச் சொன்னாங்க. எனக்கு இது ரெண்டாவது வாட்டிம்மா. அப்பவும் பாத்தேன். குடுப்பின வேணும் அதுக்கெல்லாம்."

"குடுப்பினயா? எங்கப்பா எடத்துல நின்னுக்கினு பேசுறீங்க. கைய எடுங்க மொதல்ல."

கையை எடுத்துவிட்டார். "பெரியவர்னு ஒரு மட்டு மரியாதை இல்ல பாரு" என்றார் யாரோ. "இந்தக் காலத்துப் பொண்ணு, அப்படித்தான் இருக்கும்" என்றார் இன்னொருவர். திருமுக்கூடல் கிழவி இந்தத் தடவை சிரிக்கவில்லை. முகத்தை முன்னால் திருப்பிக்கொண்டாள்.

மண்டபத்துக்குள் வந்துவிட்டார்கள். கோவிந்தா கோவிந்தா என்று கூரை அதிர்ந்தது. பட்டம்மாள் தரையைப் பார்த்தாள். ஈரக் கல், நசுங்கின துளசி, முன்னால் போகிறவளின் வெடித்த குதிகால். வெளியே நிற்கிற மனுஷன் பார்க்காததை நான் பார்க்க மாட்டேன். நிமிர மாட்டேன். இவர்கள் எல்லாருக்கும் எதிராக என்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான். பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே நடந்தாள். முகத்தில் விளக்கு வெளிச்சம் பட்டது, சூடாக. பின்னால் துரைக்கண்ணு விம்மினார்.

"யப்பா... எம்மாம் பெருசு... சிரிக்கிறாம்பா. என்னப் பாத்து சிரிக்கிறான்!"

நகரு, நகரு என்று ஒரு கை அவள் முதுகைத் தள்ளியது. முடிந்துவிட்டது. வெளியே, வெயிலில் இருந்தாள்.

வெளியே வருகிற வழியில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் வீராசாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார். பட்டம்மாள் அவர் வாயைத் திறக்கவிடவில்லை.

"அந்தாளு உன்னக் கேட்டாரா? எடம் வுடுன்னு கேட்டாரா?"

"கேக்கலம்மா. காலு பாத்தியா? பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்குது. நிக்க முடியல அவரால."

"சரி. காலு வலிக்கு எடம் வுட்டே. துண்டு ஏன் எறங்கிச்சி?"

வீராசாமி குனிந்து பார்த்தார். துண்டு இன்னும் இடுப்பில்தான் இருந்தது. அப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி அதைத் தொட்டுப் பார்த்தார்.

"அது தானா எறங்கிச்சிம்மா."

போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிற அளவுக்கு அவள் கத்தியிருக்க வேண்டும். என்னென்ன சொன்னாள் என்று பிறகு அவளுக்கே சரியாக ஞாபகமில்லை. அடிமைப் புத்தி என்றாள். உங்களையெல்லாம் எந்தச் சட்டமும் திருத்தாது என்றாள். வீராசாமி துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் முடிக்கிறவரைக்கும் நின்றார்.

"சரி, அத வுடு" என்றார். "பாத்தியா?"

முகம் அப்படியே மலர்ந்திருந்தது. அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. ஆனால் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமும் இல்லை.

"பாக்கல."

"பாக்கலியா? எதிர்லயே போயிட்டு வந்தியே?"

"போனேன். தலயத் தூக்கல. நீ வெளிய நிக்கிறே, நான் பாக்கணுமா? உனக்காவத்தான் பாக்கல."

அவர் கோபப்பட்டு அவள் பார்த்ததே இல்லை. இப்போதும் குரல் உயரவில்லை.

"நான் வெளிய வந்தது என் தப்பு. எந்தக் காலத்துலயோ ஒடம்புல ஏறினது, எறங்கல. போவட்டும். உனக்கு எவனும் வழி மறிக்கலியே? வாசல் தொறந்துதானே இருந்துச்சி? எனக்காவன்னா நீ பாத்திருக்கணும் பட்டு. ஒரு தபா நிமிந்து பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லியிருக்கணும். ரெண்டு பேரும் வெளிய நின்னா எப்படி?"

"திரும்பப் போலாம், கேட்டுப் பாக்குறேன்" என்றாள். வீராசாமி தலையை ஆட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார். காலையில் மாதிரி இல்லை. அவர் முன்னால், நாலு ஆள் இடைவெளி விட்டு அவள் பின்னால். வண்டி எதிலும் ஏறவில்லை. கடைத்தெருவில் பூ, பொம்மை, வரதர் படம் என்று கூவிக்கொண்டிருந்தார்கள். அவர் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. இடைவெளியைக் குறைக்க அவளுக்கும் கால் வரவில்லை.

காலனி முனையில் செல்லியம்மாள் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள். முட்டி தேய்ந்துபோய் நடக்க முடியாதவள். அவளைச் சுற்றி இன்னும் நாலைந்து பெண்கள்.

"அண்ணே! பாத்தீங்களா? கடைசி நாள்ல கெடச்சிதா?"

வீராசாமி நின்றார். நாலு ஆள் தள்ளி பட்டம்மாளும் நின்றாள்.

"பாத்தோம்மா" என்றார் வீராசாமி. "ரெண்டு பேரும் நல்லாப் பாத்தோம். என் கண்ணுதான் மங்கலாச்சே. பட்டு சொல்லும், கேட்டுக்கோ."

செல்லியம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "சொல்லும்மா. எனக்குத்தான் குடுத்து வெக்கல. எப்படி இருந்தாரு? நல்லா வெளக்கமாச் சொல்லு, நீ படிச்சவ."

பாக்கல என்று ஒரு சொல் சொன்னால் போதும். அன்றைக்கு இரண்டாவது தடவையாக அப்பாவை நாலு பேருக்கு நடுவில் தலை குனிய வைக்கலாம். பட்டம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வீராசாமி அவளைப் பார்க்கவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகவும் இல்லை.

"பெருசு" என்றாள். "எம்மாம் பெருசுன்ற! அண்ணாந்துதான் பாக்கணும்."

"அப்படியா! அப்புறம்?"

"சிரிச்ச மொகம். பாக்குறவங்கள... அவங்கவங்களப் பாத்து சிரிக்கிற மாதிரியே இருக்குது."

அது யாருடைய வார்த்தை என்று அங்கே அவளுக்கு மட்டும்தான் தெரியும். தாமல் துரைக்கண்ணு கண்டதைத்தான் தன் அப்பாவுக்குத் தன் வாயால் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேறொன்றும் அவள் கையில் இல்லை.

"வரதா!" என்று செல்லியம்மாள் கண்ணை மூடிக் கை கூப்பினாள். வரதர் பட்டம்மாளின் முகத்திலேயே இருக்கிற மாதிரி அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் கும்பிட்டார்கள். ஒருத்தி அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர்கள் எல்லாரும் அவளிடம் இவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கும்பிடாமல் நின்றவர் வீராசாமி மட்டும். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு குழாயடிக்குப் போய்க் காலைக் கழுவினார். வெகு நேரம் கழுவினார். பட்டம்மாள் எழுந்து உள்ளே போய், இரண்டு பேருக்கு உலை வைத்தாள்.